கீச்சுக் குரலும் டேலி ஆகாத கணக்கும்

பையன் பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்கிலிருந்து கதைக் காட்சிகளை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்திருந்தான். போட்டுப் பார்த்தால் ஹீரோ எலிக்குஞ்சு மாதிரி கீச்சு கீச்சென்று பேசுகிறான். "ஆடியோவை இழுத்து விட்டா சரியாயிடும்ப்பா" என்றான். குத்துமதிப்பாக இழுக்கவே கூடாது என்பது நம்ம கட்சி. (பி.காம். படித்தவன் சொல்லும் டெக்னிகல் சமாசாரம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-))

பாங்கில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லையென்றால் முதலில் வித்தியாசத்தைத்தான் பார்ப்போம். அது 9-ஆல் வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று எழுதியிருக்க வாய்ப்பு. வித்தியாசமே காரணத்தைச் சொல்லிக்கொடுக்கும். அதை விட்டுவிட்டு தொகையைத் தூக்கி சஸ்பென்ஸில் போட்டால் கணக்கு சரியான மாதிரி தெரியும், தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

வீடியோவும் அப்படித்தான். கேமில் 70 விநாடி ஓடும் காட்சியின் ஆடியோ, பிரித்த பிறகு 60 விநாடியில் முடிகிறதா? 7-க்கு 6. முதல் பிளேஸ்டேஷன் (1994) டிஸ்க்குகளில் காட்சிகளின் ஆடியோ பெரும்பாலும் நொடிக்கு 37,800 சாம்பிள். அதை ஆடியோ சிடி என்று நினைத்து 44,100-ல் ஓட்டினால்? 37,800-ஐ 6-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக 44,100! ஆக, திருத்த வேண்டியது ஒரே ஒரு எண். இழுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

படத்தின் கதை இன்னும் சுவாரசியம். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று அந்த ஃபைலில் எழுதியே இருக்காது. டிஸ்க் சுற்றும் வேகம்தான் கடிகாரம். இரட்டை வேகத்தில் நொடிக்கு 150 செக்டார் வரும். ஒரு ஃபிரேமுக்கு 10 செக்டார் என்றால் நொடிக்கு 15 ஃபிரேம். இதை அறியாத மென்பொருள் 25 என்றோ 30 என்றோ தானாக வைத்துக்கொண்டு ஓட்டும். விண்டோஸில் சும்மா காப்பி செய்தாலும் ஆகாது. செக்டாருக்கு 2048 பைட்தான் வரும், ஆடியோ பிய்ந்துபோகும். டிஸ்க்கை முழுசாக இமேஜ் எடுத்து, ஜேபிஎஸ்எக்ஸ்டெக் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் செக்டாரை எண்ணி அதுவே வேகத்தைச் சொல்லிவிடும்.

இன்னும் இரண்டு விகிதங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 25-க்கு 24 என்றால் சினிமாவை நம்மூர் பால் டிவிக்கு ஓட்டியது. 150 நிமிஷப் படம் 144-ல் முடியும், பாட்டின் சுருதியும் லேசாக ஏறும். 6-க்கு 5 என்றால் அமெரிக்க, ஐரோப்பிய முறைகள் மாறிப்போனது.

கேம் விஷயத்துக்கு இவ்வளவு அலட்டலா என்பீர்கள். அமெரிக்காவில் இருக்கும் அக்கா 1998-ல் ஒரு கேசட் அனுப்பினாள். அம்மா அங்கே போயிருந்தபோது எடுத்தது. இங்கே ஒரு கடையில் அதை டிவிடி ஆக்கக் கொடுத்தோம். நொடிக்கு 30 ஃபிரேமை 25 என்று வைத்து, 10 நிமிஷப் படத்தை 12 நிமிஷமாக்கிவிட்டார்கள். உதடு ஒட்டவில்லை என்றதும் ஆடியோவையும் இழுத்து 12 ஆக்கினார்கள். டேலி ஆகிவிட்டது! அம்மாவின் குரல்தான் கனத்து, வேறு யாரோ பேசுவதுபோல் ஆகிவிட்டது. அசலைத் திரும்பப் போடலாம் என்றால், இந்த ஊர் ஈரத்துக்குக் கேசட்டில் பூஞ்சை. 6-க்கு 5 தெரிந்ததால் ஓரளவு மீட்டேன். குத்துமதிப்பாக இழுத்திருந்தால் அதுவும் கிடையாது.

இதே திருவனந்தபுரத்தில் 1933-ல் கேபிடல் தியேட்டரில் காட்டிய ஊமைப்படம் 'மார்த்தாண்ட வர்மா'. காப்புரிமை வழக்கில் முடங்கிக் கிடந்த பிரதி 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊமைப்படச் சுருளிலும் வேகம் எழுதியிருக்காது. நொடிக்கு 16, 18 என்று எடுத்ததை 24-ல் ஓட்டினால் ராஜாவும் ஓடுவார், எட்டுவீட்டில் பிள்ளைமாரும் ஓடுவார்கள். சரியான வேகத்தைக் கண்டுபிடித்து ஓட்டுவது காப்பகக்காரர்களின் வேலையில் பாதி. வீட்டில் கேசட் வைத்திருக்கும் நாமும் சின்னக் காப்பகக்காரர்கள்தான்.

கடையில் கொடுக்கும்போது இரண்டு கேளுங்கள். கேசட் எந்த முறை, பாலா என்டிஎஸ்சியா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் எடுத்த ஃபைலை எந்தத் திருத்தமும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். டிவிடிக்குத் தனிக் காசு என்றால் டிவிடியை விட்டுவிடுங்கள், அந்த ஃபைலை விடாதீர்கள்.