வெட்டுக்கு முன்னே பார்க்கும் கண்

ஜொகூர் தோட்டங்களில் ரப்பர் கொழித்த காலத்தில், பால் வெட்டி முடிந்த நிரைகளில் கங்காணி நடந்து போய் மரம் மரமாகப் பார்ப்பார். கத்தி பட்டையைத் தாண்டி ஆழப் பதிந்திருந்தால் ஏச்சு விழும். ஏசி என்ன செய்ய? காயம்பட்ட இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது.

2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தபின், முதலீடு பாலத்தைத் தாண்டி இங்கே ஜொகூருக்கு வந்தது. கூலாய் வட்டாரத்துச் செடனாக்கில், செம்பனை நின்ற மண்ணில் இன்று சர்வர்கள் ஓடுகின்றன. சர்வர்களை அமைக்கும் வேலையும் எங்கும் நெடுநாள் கங்காணி முறையிலேயே நடந்தது: முதலில் செய்வது, பிறகு பார்ப்பது.

நிரலை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் 'லின்ட்' என்ற கருவியைப் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதியது 1978இல். சர்வர் அமைப்புக்கு அந்த வசதி வரப் பல ஆண்டுகள் ஆயின. காரணம், படிக்க எழுத்தே அரிது, பெரும்பாலும் கைவேலை. 2005இல் பப்பெட்டும் 2014இல் டெராஃபார்மும் வந்து, நெட்வொர்க், ஃபயர்வால், சேமிப்பகம் அனைத்தையும் கோப்பில் எழுதும் வழக்கத்தைப் பரப்பின. கோப்பு வந்தபின் அதை ஓட்டாமலே படிக்கும் கருவிகளும் வந்தன. டெராஃபார்மின் 'வேலிடேட்' கட்டளை இலக்கணம் பார்க்கும். 'டிஎஃப்லின்ட்' இல்லாத கணினி வகையின் பெயரைப் பிடிக்கும். 'செக்கோவ்', ஊருக்கே திறந்து கிடக்கும் சேமிப்பகத்தைச் சுட்டிக்காட்டும்.

முன்னே பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று: 28 பிப்ரவரி 2017 அன்று அமேசானின் வர்ஜீனியா சேமிப்பகச் சேவை ஏறக்குறைய நான்கு மணி நேரம் முடங்கியது. ஒரு கட்டளையில் தவறாக உள்ளிட்டதால், நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றன. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே கழற்றவே முடியாதபடி அந்தக் கட்டளையை இயக்கிய கருவியைப் பிறகு மாற்றினார்கள்.

ஆனாலும் கருவி, எழுதிவைத்த விதியை மட்டுமே அறியும். கோப்பில் செக்கோவுக்கென ஒரு வரிக் குறிப்புச் சேர்த்தால், குறிப்பிட்ட விதி வாயை மூடிக்கொள்ளும். அவசரத்தில் இருப்பவர் சேர்த்துவிடுவார். கோப்பைத் தொடாமல் நேரே திரையில் செய்யும் மாற்றமோ அதன் பார்வைக்கே வராது. விதியைத் தாண்ட இரண்டாம் ஆள் ஒப்புதல் வேண்டும் என்பதே என் கட்சி.

தரவு மையத்துக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்று ஜொகூர் கேட்பது நியாயம். கூடவே, சர்வர் அமைக்கப்போகிறவர்களுக்காக ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகமும் பாசிர் கூடாங் பாலிடெக்னிக்கும் இக்கருவிகளை முதலாண்டிலேயே கற்றுத்தரட்டும். அவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.