"அவனுக்கென்ன, அமெரிக்காவில் இருக்கான்" என்று சொல்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் யோசித்து எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவனின் அப்பா காலமானார். பையன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். தகனத்துக்கு வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவிலும் டீக்கடையிலும் ஒரே பேச்சு. "பெத்த அப்பனைவிட டாலர் பெருசாப் போச்சு." "அவனுக்கென்ன, அமெரிக்காவில் இருக்கான்." துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அந்தத் தாயின் காதில் விழும்படியே சொன்னவர்களும் உண்டு. அவனிடம் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். அவன் வர மறுக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியுமா என்பது அவன் கையில் இல்லை. இது தெரியாமல் பேசுவது அநியாயம். தெரிந்த பிறகும் பேசினால் அது பாவம்.

எப்படி என்று கேட்பீர்கள். வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

எச்-1பி என்கிற வேலை விசாவில் இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, அங்கே தங்கி வேலை செய்ய அனுமதி தரும் காகிதம். கம்பெனி விண்ணப்பித்தால், ஊரைவிட்டு வெளியே வராமலே நீட்டித்துக்கொள்ளலாம். இன்னொன்று, பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற விசா. அது உள்ளே நுழைவதற்கான சீட்டு. அந்தச் சீட்டு காலாவதியானாலும் அங்கே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. நாட்டைவிட்டு வந்துவிட்டால், பொதுவாகப் புதிதாக ஒட்டாமல் திரும்ப முடியாது. ஒட்டுவதற்கு நம் ஜெமினி மேம்பாலம் அருகில் இருக்கும் துணைத் தூதரகம் போன்ற ஓர் இடத்தில் நேர்காணல் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இதைத்தான் 'ஸ்டாம்பிங்' என்கிறார்கள்.

நேர்காணல் தேதி நினைத்தபோது கிடைக்காது. கிடைத்துப் போனாலும், இன்னும் விசாரிக்க வேண்டும் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அது ஒரு வாரமோ, பல மாதமோ. 2024 தொடக்கத்தில், 20,000 பேர் வரைக்கும் அங்கேயே விசாவைப் புதுப்பித்துத் தரும் சோதனைத் திட்டம் ஒன்று நடந்தது. அதோடு சரி. 2025 டிசம்பரில் சமூக ஊடகக் கணக்குகளையும் ஆராய்வோம் என்று புது விதி வந்தது. ஸ்டாம்பிங்குக்காக ஊருக்கு வந்திருந்த பலருக்கு நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. வேலை அங்கே, குழந்தையின் பள்ளிக்கூடம் அங்கே, அப்பா மட்டும் இங்கே என்று மாட்டிக்கொண்டார்கள்.

என் மாணவனின் சீட்டு போன வருடமே முடிந்துவிட்டது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் அங்கே. அவன் சம்பளம் ஒன்றுதான். வீட்டுக் கடன் ஓடுகிறது. இப்போது சொல்லுங்கள், அந்த இரவில் நீங்களாக இருந்தால் விமானம் ஏறியிருப்பீர்களா? 'ஏறியிருப்பேன்' என்று உடனே சொல்கிறவர், திரும்ப முடியாமல் போனால் நாலு பேர் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அவன் ஃபோனில் எல்லாவற்றையும் பார்த்தான். ஐஸ் பெட்டி வந்தது, பாடை கட்டியது, வாய்க்கரிசி போட்டது எல்லாம். யாரோ ஒருவர் கையில் ஃபோன் ஆடிக்கொண்டே இருந்தது. சுடுகாட்டில் சிக்னல் போய்விட்டது.

"அப்படியானால் கிரீன் கார்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்றார் ஒரு உறவினர், ஏதோ ரேஷன் கார்டு போல. வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. குடும்பத்தாரும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. 140 கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கும் நான்கு லட்சத்தை எட்டாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. விளைவு என்ன? பெரும்பாலான நம் பிள்ளைகள் நிற்கும் பிரிவுகளில், 2025 கடைசியில் இந்தியர்களில் 2013இல் வரிசையில் சேர்ந்தவர்களின் முறைதான் நடந்துகொண்டிருந்தது. பெற்றோரைச் சார்ந்த விசாவில் இருக்கும் குழந்தைக்கு 21 வயது ஆகிவிட்டால் அந்த வரிசையிலிருந்தும் அது விழுந்துவிடும். இரண்டு வயதில் போன குழந்தை, அந்த ஊரைத் தவிர வேறு ஊர் அறியாத குழந்தை, தனக்கென்று வேறு விசா தேட வேண்டும்.

வேலை போய்விட்டால் இன்னும் மோசம். 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வேறு வகை விசாவுக்கு மாற வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 19 நினைவிருக்கிறதா? நவராத்திரிக்கு மூன்று நாள் முன்பு. எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் உத்தரவு போட்டார். யாருக்குப் பொருந்தும் என்று யாருக்கும் தெரியவில்லை. உடனே திரும்பி வாருங்கள் என்று கம்பெனிகள் செய்தி அனுப்பின. ஊருக்கு வர விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்களே இறங்கிப் போனார்கள். மறுநாள்தான், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும் என்று விளக்கம் வந்தது. அந்த ஒரு நாள் அவர்கள் பட்ட பாட்டை நாம் டிவியில் பார்த்துவிட்டு சேனலை மாற்றிவிட்டோம்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம்கூட விசாக் காகிதத்தின் தேதியோடு முடியும். கார் இல்லாமல் பால் வாங்கப் போக முடியாத ஊர்களில் இது சின்ன விஷயமும் இல்லை. பெயரே ஒரு தொல்லை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். நான் வருகைப் பதிவேட்டில் 'சு.' என்று எழுதியது அங்கே எடுபடாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு, 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்தை விசாவில் அச்சடித்துத் தருகிறார்கள். அப்பா பெயரை எழுதியவர்களை வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பதினாறாம் நாள் கழித்து குழந்தையை டாக்டரிடம் அழைத்துப் போனபோது, 'மிஸ்டர்' போட்டு அப்பா பெயரைக் கூப்பிட்டார்களாம். "எழுந்திருக்க ஒரு நிமிஷம் ஆச்சு டீச்சர்" என்றான்.

இனி நீங்கள் சொல்லப்போகும் பதில்களுக்கு வருகிறேன்.

"யார் போகச் சொன்னது?" ஊரே சொன்னது. முதல் மதிப்பெண் வாங்கிய பையன் உள்ளூரில் இருந்தால் "இன்னுமா போகல?" என்று கேட்டது இதே வாய்கள்தான். பெண் பார்க்கும்போது "மாப்பிள்ளை ஆன்சைட்டா?" என்று கேட்டதும் இதே வாய்கள்தான்.

"டாலரில் சம்பாதிக்கிறான்." வரவை ரூபாயாக்கிப் பெருக்குகிறீர்கள், செலவைப் பெருக்க மறந்துவிடுகிறீர்கள். என் ஐந்தாம் வகுப்பில் இப்படிக் கணக்குப் போட்டால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். வாடகை, குழந்தைக் காப்பகம், மருத்துவக் காப்பீடு, அதற்கு மேலும் கைக்காசு என எல்லாம் டாலரில்தான். மிச்சம் பிடிக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் மலையல்ல அது.

"கஷ்டமென்றால் திரும்பி வரட்டும்." வந்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் அது கணவனும் மனைவியும் உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பையும் கடனையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. சாவு வீட்டில் நாம் கொடுக்கும் தீர்ப்பு அல்ல.

வளைகுடாவில் வெயிலில் சாரம் கட்டும் நம் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு கஷ்டமா என்பீர்கள். சரிதான், ஒப்பிட முடியாது. அவர்களும் அப்பா சாவுக்கு வர முடியாமல் தவிக்கிறார்கள். அவர்கள் மேல் இரக்கப்படுகிறோம், இவன் மேல் மட்டும் கல் எறிகிறோம். காரில் போகிறவனுக்கு அப்பா பாசம் இருக்காது என்று யார் சொன்னது?

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பனியில் நின்று எடுத்த படத்தை மட்டும் போட்டால் ஊர் அதைத்தான் நம்பும். ஸ்டாம்பிங் என்றால் என்ன என்று உங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். "வருத்தப்படுவாங்க" என்று மறைக்காதீர்கள். மகன் ஏன் வரவில்லை என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய வருத்தம். விசா உங்கள் விமானத்தைத்தான் தடுக்கும், ஃபோனைத் தடுக்காது. நம் காலை 7 மணி, கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை, ஐந்தரை அல்லது ஆறரை. காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பேசலாம்.

ஊரில் இருக்கும் உறவுகளே, "எப்ப வர்றே?" என்று கேட்பதற்கு முன் "விசா எந்த நிலையில் இருக்கு?" என்று கேளுங்கள். அவன் பெற்றோருக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தால் யாராவது ஒருவர் கூடப் போங்கள். அந்த அம்மா இப்போது தனியாக இருக்கிறார். அவரிடம் போய், உங்கள் மகன் வர மறுக்கவில்லை என்று சொல்லுங்கள். திண்ணையில் பேசியவர்களுக்கு அந்த வீட்டு வழி தெரியும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அந்தப் பையன் யார் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
(உறவுகளுக்கு அத்தை, சித்தி, பெரியம்மா, எது பொருந்துமோ அது)