புரியாத உறுதிமொழி

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நீங்கி, 2000 ஜூன் 1 முதல் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ‘ஒழுங்குமுறை’ என்ற சொல் ‘மேலாண்மை’ ஆயிற்று. சிறைக்குரிய குற்றம் பெரும்பாலும் அபராதத்துக்குரிய மீறலாயிற்று. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வரம்பு, 2004இல் 25,000 டாலராக இருந்தது, இன்று நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். வரவேற்கத்தக்க மாற்றங்களே.

ஆனால், பரிமாற்றம் சட்டத்துக்கு உட்பட்டது என்ற உறுதிமொழியை வங்கியும் நாணய மாற்று முகவரும் நம்மிடமே பெறுகின்றனர். மீறல் உறுதியானால், தொகையின் மும்மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வெளிநாட்டுக் கருத்தரங்கக் கட்டணம் செலுத்தச் சென்ற நானும், ஆங்கிலத்தில் அச்சிட்ட அத்தகைய படிவத்தில், ஊழியர் விரல் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டேன். மொழியியல் பயின்ற எனக்கே அதன் வாக்கியங்கள் இருமுறை வாசித்தும் பிடிபடவில்லை. உழவுக் கடனுக்கிடையே மகளின் படிப்புக்குப் பணம் அனுப்ப வரும் தந்தையின் நிலை என்ன?

பொறுப்பை ஏற்பவரின் மொழியில் அப்பொறுப்பு எழுதப்படுவதே நீதி. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் எளிய நடையில் இப்படிவம் கிடைப்பதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும்.