நடுக்கடலில் நின்ற இயந்திரத்துக்கு யார் பொறுப்பு?

தீவுப் பகுதி மக்களுக்குக் கடலே தெரு. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவு சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். கர்ப்பிணியும் நோயாளியும் ஆசிரியரும் அரிசி மூட்டையும் அவ்வழியே போக வேண்டும். தெருவில் லொறி நின்றால் இறங்கி நடக்கலாம். சோளகம் வீசும் நாளில் நடுக்கடலில் இயந்திரம் நின்றால் எங்கே இறங்குவது?

அத்தனை உயிர்களும் நம்பியிருப்பது ஓர் இரும்பு வார்ப்பை. அதுவே ‘எஞ்சின் புளொக்’. பழையது வெடித்துவிட்டால், மூல உற்பத்தியாளரின் புளொக்கை வாங்க வசதியற்றவர், பிறர் வார்த்த மாற்றுப் புளொக்கை வாங்குகின்றார். லொறி இயந்திரத்தையும் வள்ளத்துக்கு ஏற்ப மாற்றிப் பூட்டுகின்றார். அதில் குற்றமில்லை. ஆனால் வார்ப்பினுள் மணலும் காற்றுக் குமிழும் தங்கியிருந்தால், மேலே பூசிய வர்ணம் அதைச் சொல்லுமா? சிலிண்டர்ச் சுவர் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்திருந்தால் சூட்டில் கோணும், வெடிக்கும், தண்ணீர் எண்ணெயுடன் கலக்கும், பெயாரிங் தேயும், இயந்திரம் இறுகி நிற்கும்.

பின்னர் நடப்பதென்ன? விற்றவர் பூட்டியவரைக் குறை கூறுவார். பூட்டியவர் ஓட்டியவரைக் குறை கூறுவார். ஓட்டியவர் கடலைக் குறை கூறுவார். கடல் சாட்சி சொல்ல வராது!

தரம் வகுக்கும் நிறுவனத்துக்கு 1964 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் அமைந்தது. சட்டம் கொழும்பில் இருந்தால் போதுமா? குறிகாட்டுவான் இறங்குதுறைவரை அது வர வேண்டாமா?

‘கட்டுப்பாடு விதித்தால் விலை ஏறும், ஏழையே வருந்துவான்’ என்பர் சிலர். மலிவான பாகத்தைத் தடுக்குமாறு நாம் கேட்கவில்லை, சோதிக்குமாறே கேட்கின்றோம். புளொக்கின் நீர்வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினால், வெடிப்பைக் குமிழிகளே காட்டிக் கொடுக்கும். சிலிண்டரின் உள்விட்டத்தை மேலும் கீழும் அளந்தால் கோணல் தெரியும். பட்டறைகள் நெடுங்காலமாக அறிந்த சோதனைகள் இவை. இவற்றுக்காகும் செலவு பெரிதா, வள்ளம் நிறைந்த மக்கள் பெரிதா?

நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு புளொக்கிலும் வார்த்தவர் பெயரும் வார்ப்பு இலக்கமும் பொறிக்கப்படல் வேண்டும். சோதனைச் சான்றின்றி விற்பனை கூடாது. பயணிகள் வள்ளத்துக்கு அனுமதி வழங்குவோர் அச்சான்றைப் பார்த்தே கையொப்பமிடல் வேண்டும்.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் பெருந்திரளான அடியார்கள் கடல் கடக்கின்றனர். அம்மன் காப்பாள் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பின்னே அரசாங்கம் தன் கடமையை ஒளித்துக்கொள்ளலாகாது!