லைவ் போடுங்க, அழிக்காதீங்க!

சாலவாக்கம் தம்பி, தங்கைகளே!

"அண்ணே, லைவ் போட்டா பத்து பேர்கூட வரல"ன்னு சோர்ந்து போகாதீங்க. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துல வயக்காட்டுல சமைச்ச வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் 1 கோடி சந்தாதாரரைத் தொட்டது. ஸ்டுடியோ இல்ல. சொந்த ஊரும் தாத்தாவும்தான் மூலதனம்.

யூடியூப் கணக்கு இதுதான்:
👉 மொபைல் லைவுக்கு 50 சந்தாதாரர், 16 வயது.
👉 விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர், அதோட 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை.
👉 முடிந்த லைவை அழித்தாலோ, பிரைவேட் ஆக்கினாலோ அந்த மணி நேரம் கணக்கில் வராது.
👉 காசு கொடுத்து சந்தாதாரர் வாங்கினால் சேனலுக்கே ஆபத்து.

நம்ம ஊர் ஏரி, நெல் கொள்முதல், கிராம சபை பத்தி பெரிய சேனல் எதுவும் தினமும் காட்டாது. நீங்க காட்டுங்க. வாரம் ஒரே நாள், ஒரே நேரம் வந்தா ஆட்கள் தேடி வருவாங்க.

நம்ம கட்சிக்காரர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வந்தாலும் கட் பண்ணாதீங்க. தேர்தல் விதியை எல்லாரும் பார்க்கக் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் மண்ணு இது!

#சாலவாக்கம்_லைவ்