உத்திரமேரூர்ல எந்தப் பக்கம்?

பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூர் தாண்டி ஒரு புது அடுக்குமாடி. லிஃப்டுக்குள் அடித்திருந்த பிளைவுட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஒன்பதாவது மாடி, ரெண்டு படுக்கையறை. குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, அப்புறம் சிமென்ட் கலந்த தண்ணீர். யாரும் குடியிருக்காத வீடு. முன்னால் இருந்தவர் அடித்த ஆணி இல்லை, எண்ணெய்ப் புகை படிந்த அடுப்படி இல்லை. எனக்கும் மனைவிக்கும் பிடித்துப்போனது. தரகர் அங்கேயே நின்று ஓனருக்கு வீடியோ கால் போட்டார். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார். என் வயசுதான் இருக்கும், என் தொழில்தான்.

"நேட்டிவ் எங்க பிரதர்?"

"உத்திரமேரூர்."

"ஓ, குடவோலை ஊரு! உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊராச்சே!" மனுஷர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதே மூச்சில் அடுத்த கேள்வி: "உத்திரமேரூர்ல எந்தப் பக்கம்?"

பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை என்பது தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். ஊரா காலனியா, எந்தத் தெரு, குலதெய்வம் எது, வீட்டில் சைவமா? ஒரே கேள்விதான், வேஷம்தான் வேறு வேறு. நான் தெருப் பெயரைச் சொல்லவில்லை. "ஏரிப் பக்கம்" என்றேன். சிரித்தார். மறுநாள் தரகர் போன் பண்ணினார்: "ஓனரோட சொந்தக்காரங்களே வராங்களாம் சார்." அந்த வீடு அதற்கப்புறமும் மூன்று வாரம் 'வாடகைக்கு' என்றே இணையத்தில் கிடந்தது. தினமும் பார்த்தேன், வெட்கமாகத்தான் இருந்தது.

நான் என்ன சாதி என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதினால் மிச்சக் கட்டுரையை அதை வைத்துத்தான் படிப்பீர்கள்.

ஆனால் அந்தக் குடவோலைப் பெருமையைச் சும்மா விட மனசில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்து எங்களுக்குக் காட்டிய சுவர் அது. வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்து கி.பி. 919, 921 கல்வெட்டுகள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர்கூட எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். பெருமைப்படுகிற யாரும் விதியை முழுசாகப் படிப்பதில்லை. வாரியத்துக்கு ஒருவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டுமானால், அவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயசு 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. பெண்ணுக்கு ஓலை இல்லை, நிலம் இல்லாமல் உழுதவனுக்கு இல்லை, அடுத்தவர் வீட்டில் இருந்தவனுக்கும் இல்லை. எனக்கு 36. வயசு மட்டும் தேறும்.

அந்த ஓனர் இந்தப் பாதியைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறார். இன்னொரு பாதி இருக்கிறது, அது இன்னும் சுவாரசியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி உள்ளே வர முடியாது. அவருடைய அப்பா, பிள்ளை, மாமனார், மச்சான், மருமகன்கூட வர முடியாது. பதவி ஒரு வருஷம். முந்தைய மூன்று வருஷத்தில் இருந்தவருக்கு இடமில்லை. அதாவது அந்தச் சபை, எவ்வளவு குறுகலானதாக இருந்தாலும், ஊர்ப் பணத்தைக் கையில் வாங்கப்போகிறவனைச் சலித்தது. நாம் பணத்தைக் கொடுக்கிறவனைச் சலிக்கிறோம். பத்து மாச அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொள்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. காலி பண்ணும்போது பெயின்டிங் என்று ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை எப்போது தருவார் என்பது அவருக்கும் அவர் சாமிக்கும் மட்டுமே தெரிந்தது.

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாச வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. இதைத் தரகரிடம் சொல்லிப் பாருங்கள், உங்களைப் பாவமாகப் பார்ப்பார். ஆனால் ஆளைப் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி கிடையாது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிக் காக்கிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே வீடு என்று விதி வைத்த அகமதாபாத் கூட்டுறவுச் சங்கத்தின் பக்கம் 2005-இல் உச்ச நீதிமன்றமே நின்றது.

"அவர் சொந்த வீடு, அவர் இஷ்டம்" என்பீர்கள். சொந்த வீட்டுக்கு எத்தனை மாடி, பக்கத்தில் எத்தனை அடி விட வேண்டும், மழைநீர் எங்கே இறங்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அரசாங்கம் உள்ளே வரலாம், அதற்கு மட்டும் வரக் கூடாதா? எங்கள் தாலுகா குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ராத்திரி பூரா லாரி லாரியாகப் போகிறது. ஜல்லியை யாரும் எந்தப் பக்கம் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் நானும் யோக்கியன் இல்லை. சில வருஷம் முன்பு, வீடு தேடும் செயலி ஒன்றுக்கு வேலை பார்த்தேன். 'சைவம் மட்டும்', 'குடும்பம் மட்டும்' என்று ரெண்டு வடிகட்டி கேட்டார்கள். ரெண்டு நாள் வேலை. நல்லா வந்திருக்கு என்று மேனேஜர் பாராட்டினார், நான் பிரியாணி சாப்பிட்டுக் கொண்டாடினேன். யார் வெளியே நிற்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்ததாக ஞாபகம் இல்லை. முன்பாவது ஓனர் முகத்துக்கு நேரே பொய் சொல்ல வேண்டியிருந்தது. நான் எழுதிய நாலு வரிக்குப் பிறகு அந்தச் சங்கடமும் அவருக்கு இல்லை. மறுக்கப்பட்டவனுக்கு வீடே கண்ணில் படாது.

போன வாரம் கேளம்பாக்கத்தில் இன்னொரு புது வீடு பார்த்தோம். ஓனருக்கு ஆதம்பாக்கத்தில் ஏற்கெனவே ஒரு வீடு வாடகைக்கு ஓடுகிறதாம். வழக்கமான கேள்விகள் வருவதற்குள் நான் முந்திக்கொண்டு தரகரிடம் கேட்டேன்: "ஆதம்பாக்கத்துல முன்னாடி இருந்தவர் நம்பர் குடுங்கண்ணே. அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தாரான்னு கேக்கணும்."

அவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் நீங்க கேக்கக் கூடாது சார்."