அப்பாவுக்கு ஆப் கொடுத்தேன், விளக்கம் கொடுக்கவில்லை



இந்த வார எபிசோடில் ஸ்மார்ட் ஹோம் கருவிகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். பல்பு, கதவுப் பூட்டு, ஏசி எல்லாம் வந்தது. எங்கள் வீட்டு நீச்சல் குளத்துக் கதையை மட்டும் நான் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எழுதுவது சுலபம், அதனால் இங்கே.

நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் வாங்கிய வீட்டோடு, பின்வளவில் 50,000 லிட்டர் பூல் ஒன்றும் வந்தது. அப்பாவின் பராமரிப்பு எளிமையானது. மிதக்கும் டப்பாவில் குளோரின் குளிசை போடுவார், கிழமைக்கு ஒருக்கால் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை முக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். போன ஆகஸ்டில் அவருடைய பிறந்தநாளுக்கு நான் ஒரு ஸ்மார்ட் சென்சர் வாங்கிக் கொடுத்தேன். அது தண்ணீரில் மிதந்தபடி அளந்து ஃபோனுக்கு அனுப்பும். அவருடைய ஃபோனில் ஆப்பைப் போட்டு, நோட்டிஃபிகேஷனையும் ஆன் பண்ணிவிட்டு, "இது சொல்றதைச் செய்தால் போதும் அப்பா" என்றேன்.

பிழை தொடங்கியது அந்த வசனத்தில்தான்.

கோடை தொடங்கியதும் ஆப் ஒரே பாட்டைப் பாடியது: குளோரின் குறைவு, சேர்க்கவும். அப்பா குளிசை போட்டார். இரண்டு நாளில் திரும்பவும் அதே செய்தி. ஆனால் ஸ்ட்ரிப்பில் 3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று நல்ல அளவுதான் தெரிந்தது. "எதை நம்புறது தம்பி?" என்று கேட்டார். "ஆப்பை நம்புங்கோ" என்றேன். ஜனவரியில் ஒருநாள் பூல் படியில் இறங்கிவிட்டு வந்து, "சுவர் வழுக்குதடா, தண்ணி சரியில்லை" என்றார். நான் ஃபோனைப் பார்த்தேன். "இன்னும் ரெண்டு குளிசை போடுங்கோ, சரிவரும்."

அடுத்த சனிக்கிழமை அக்காவின் மகள் நீந்த வந்தாள். ஐந்து வயது. தண்ணீர் பச்சை. ஆழமான பக்கத்தில் அடித்தளமே தெரியவில்லை. அடி தெரியாத குளத்தில் ஒரு பிள்ளை மூழ்கினாலும் மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது, அதனால் யாரும் இறங்கவே கூடாது. அவளைத் திருப்பி அனுப்பினோம். ஆனால் முந்தின நாலு கிழமையும் அவள் அதே தண்ணீரில்தான் குதித்து விளையாடினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு என்னுடைய சென்சர் காரணமில்லை.

அன்று இரவுதான் நான் முதல்தடவையாக இந்த ரசாயனத்தை ஒழுங்காகப் படித்தேன்.

வெயில் குளோரினைச் சிதைத்துவிடும். எந்தப் பாதுகாப்பும் இல்லாவிட்டால் உச்சி வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் சயனூரிக் அமிலம் என்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அது குளோரினுக்கு சன்ஸ்கிரீன் மாதிரி, அதைப் பிடித்து வைத்துக் காப்பாற்றும். பிடித்து வைத்திருப்பதால் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகமும் குறையும். கொஞ்சம் இருந்தால் நல்லது, கூடினால் கேடு.

நாங்கள் போட்ட ட்ரைக்ளோர் குளிசைக்குள்ளேயே இந்த அமிலம் இருக்கிறது. குளிசையால் குளோரின் 10 பிபிஎம் ஏறினால், கூடவே சயனூரிக் அமிலமும் சுமார் 6 பிபிஎம் ஏறும். கோடையில் ஒரு பூல் நாளுக்கு 2 பிபிஎம் குளோரினைச் செலவழிக்கிறது என்று வையுங்கள். ஒரு மாதத்தில் 36 பிபிஎம் அமிலம் சேர்ந்துவிடும். குளோரின் செலவாகிப் போகும், அமிலம் போகாது. ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது.

இனி சென்சருக்கு வருவோம். அது குளோரினை நேராக அளக்கவில்லை. ஓஆர்பி என்று தண்ணீரின் ஆக்சிஜனேற்றும் வலுவை மில்லிவோல்ட்டில் அளந்து, அதிலிருந்து முடிவுக்கு வந்தது. சயனூரிக் அமிலம் ஏற ஏற ஓஆர்பி இறங்கும். ஆகவே சென்சர் பொய் சொல்லவில்லை, தண்ணீரின் வலு உண்மையிலேயே குறைந்துதான் இருந்தது. ஆனால் ஆப் அதைப் பார்த்து "குளோரின் சேர்" என்றது. எந்தக் குளோரின் என்று கேட்கவில்லை. அப்பா குளிசை போட்டார், அமிலம் ஏறியது, ஓஆர்பி இன்னும் இறங்கியது, ஆப் திரும்பவும் கத்தியது. கோட் எழுதுபவர்களுக்கு இது விளங்கும்: தப்பான திசையில் ஓடுகிற ஃபீட்பேக் லூப். அதற்குள் எங்கள் அப்பாவை நான்தான் இணைத்துவிட்டேன்.

அடுத்த நாள் அந்த அமிலத்தைச் சோதிக்கும் கிட் ஒன்றை வாங்கினேன். விலை சென்சரில் ஒரு சின்னப் பங்கு. தண்ணீரையும் மருந்தையும் கலந்தால் பால் மாதிரி கலங்கும். அதைக் குழாயில் ஊற்றிக்கொண்டே போய், அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளி மறையும் இடத்தில் அளவை வாசிக்க வேண்டும். எங்கள் புள்ளி 100ஐத் தாண்டி, ஊற்றத் தொடங்கியதுமே மறைந்துவிட்டது. பைப் தண்ணீர் பாதி கலந்து மறுபடி பார்த்தோம்: 80. அப்படியென்றால் உண்மையில் 160.

பூல் வைத்திருப்பவர்கள் பலர் பாவிக்கும் ஒரு கணக்கு உண்டு. குளோரின் குறைந்தது சயனூரிக் அமிலத்தின் 7.5 வீதம் இருக்க வேண்டும். 160க்கு 12 பிபிஎம். எங்களிடம் இருந்ததோ 3.

"இதை எப்படி எடுக்கிறது?" என்று அப்பா கேட்டார். மருந்து போட்டுத் தீராது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். சிரித்தார். "அப்ப கிணறு இறைக்கிற மாதிரித்தான். ஊரிலை செய்ததுதானே!" யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மனுஷனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரேயடியாக வெறுமையாக்கினால் நிலத்தடி நீர் பூலையே மேலே தள்ளிவிடலாம், அதனால் பாதி பாதியாக இரண்டு தடவை மாற்றினோம். 160, 80, 40.

பிறகு குளிசையை விட்டு லிக்விட் குளோரினுக்கு மாறினோம். அதில் சயனூரிக் அமிலம் இல்லை. முதலில் நிறைய ஊற்றி, சுவரைத் தேய்த்து, பச்சையைக் கொன்றோம். எங்கள் பூலுக்கு 12.5 வீதக் குளோரின் 400 மில்லிலிட்டர் ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். 40க்கு 7.5 வீதம் எவ்வளவு? 3. அதே 3தான். அன்றைக்குப் போதவில்லை, இன்றைக்குப் போதும். எண் மாறவில்லை, பக்கத்தில் இருந்த எண்தான் மாறியது. அந்தப் பக்கத்து எண்ணை எங்கள் ஆப் காட்டவேயில்லை.

"வயசானவர்களுக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு? ஆட்டோமேஷன் எதற்கு இருக்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள்தான் வீட்டு ஐடி சப்போர்ட். வருவோம், செட் பண்ணுவோம், பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுப்போம், போவோம். ஆனால் விளக்கமில்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால், அவர்களிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பறிக்கிறோம். அப்பா சுவரைத் தொட்டே கண்டுபிடித்துவிட்டார். ஃபோனைக் காட்டி அவர் வாயை அடைத்தது நான்.

அதனால் என்னுடைய அபிப்பிராயம் இதுதான். அம்மா அப்பாவுக்கு எந்தக் கருவியைப் பூட்டிக் கொடுத்தாலும், அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று நீங்கள் முதலில் படியுங்கள். பிறகு அதை அவர்களுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள. சொல்ல வரவில்லை என்றால் உங்களுக்கே விளங்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் வீட்டிலும் பூல் இருந்தால் இன்னும் ஒன்று: குளோரினையும் பூல் அமிலத்தையும் ஒருநாளும் ஒன்றாகக் கலக்காதீர்கள், விஷவாயு வரும். வேறு வேறு வகைக் குளோரினையும் கலக்கக் கூடாது, தீப்பிடிக்கலாம்.

சென்சர் இன்னும் பூலில்தான் மிதக்கிறது. தண்ணீரின் சூடு பார்க்க நல்லது. அளவுகளை அப்பா கராஜ் கதவில் பென்சிலால் எழுதுகிறார். நோட்டிஃபிகேஷனை அவரே ஆஃப் பண்ணிவிட்டார். எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த கிழமை சந்திப்போம்.